உப்புக்காற்றில் ஒரு மதர்போர்டு

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று செங்கல்பட்டு கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. இன்னொன்று மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்குப் போகிறது. இரண்டும் ஒரே நோயில் சாகாது. முதலாவதை வெயிலும் தூசியும் கரண்ட் ஏறி இறங்குவதும் கொல்லும். இரண்டாவதைக் கொல்வது பெரும்பாலும் உப்பு. பழுதுபார்க்கக் கற்க வருகிறவருக்கு இந்த வித்தியாசத்தை எந்தப் பாடத்திட்டமும் தனிப்பாடமாக வைப்பதில்லை. கரையோரத்தில் கடை போடப்போகிறவருக்கு மிக அதிகமாக உதவப்போகிற பாடம் அதுதான் என்பது என் எண்ணம்.

பாடத்திட்டங்களுக்குக் குறைவில்லை. ஐ.டி.ஐ.களில் ‘கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ்’ என்று ஓராண்டுப் பிரிவு உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம், அகில இந்தியத் தொழிற்தேர்வில் வென்றால் தேசியத் தொழிற்சான்றிதழ். மத்திய அரசின் நைலிட் நிறுவனமும் (முன்பு டோயெக் என்று பெயர்) ஹார்டுவேருக்குச் சான்றிதழ் தருகிறது. உலகம் முழுக்கச் செல்லுபடியாக வேண்டுமென்றால் அமெரிக்காவின் காம்ப்டியா அமைப்பு 1993-லிருந்து நடத்தும் ‘ஏ பிளஸ்’. அதில் இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900-க்கு முதல் தேர்வில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் மூன்று ஆண்டுதான் உயிரோடு இருக்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். முதல் தேர்வில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பழுது கண்டுபிடிப்பது பற்றிய கேள்விகள். ஈரப்பதத்தைப் பற்றியும் பாடத்திட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள்: வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வரி.

இப்படி ஒரு தொழில் உருவானதற்கே ஒரு நிறுவனத்தின் அவசரம்தான் காரணம். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்பதால் பெரும்பாலும் வெளியில் கிடைக்கும் பாகங்களையே வைத்துக் கட்டினார்கள்; பிராசஸர் இன்டெல் 8088. அதோடு சர்க்யூட் வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் ஒரு தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். எந்தக் கார்டை எங்கே செருகினால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. போட்டி நிறுவனங்கள் நகல் எடுத்தன, பாகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. சென்னை ரிட்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிவந்து ‘அசெம்பிள் செட்’ கட்டியவர்களின் பிழைப்புக்கு விதை அங்கேதான் விழுந்தது. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் டெல் 2007-லிருந்து கம்ப்யூட்டர் பூட்டுகிறது. தொழிற்சாலையில் பழுதான யூனிட்டைச் சோதிக்க ஒரு இயந்திரம் இருக்கும். கடைக்கு வரும் யூனிட்டோ “நேத்து நைட் நல்லாத்தான் சார் ஓடுச்சு” என்ற ஒற்றை வாக்கியத்தோடு வரும்.

அந்த வாக்கியத்திலிருந்து காரணத்துக்குப் போவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஏ பிளஸ் அதை ஆறு படிகளாகச் சொல்கிறது: பழுது என்னவென்று கேட்டு அறி, காரணத்தை ஊகி, ஊகத்தைச் சோதி, திட்டமிட்டுச் சரிசெய், முழுதாக ஓடுகிறதா என்று பார், எழுதி வை. படிக்கும்போது இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால் பாதிக் கடைகளில் மூன்றாவது படி கிடையாது. ஊகத்திலிருந்து நேராகப் புது ராம், புது எஸ்.எம்.பி.எஸ். (கரண்டை மாற்றித் தரும் டப்பா) என்று மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். மாற்றியது சரியாக அமைந்தால் திறமை, அமையாவிட்டால் “போர்டு போச்சு”.

செட் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் மின்சாரம் வரும் வழியில் நடக்க வேண்டும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போனதும் அது டி.சி.யாக மாறி, உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும், 230-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வரும் உச்சம் அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். அதனால்தான் புதிதாகக் கற்பவர் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்கவே கூடாது. பழைய டப்பாக்களின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதை 115-க்குத் தள்ளிவிட்டு நம் ஊர் கரண்டைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் இரட்டிப்புச் சர்க்யூட் 650 வோல்ட் வரை ஏற்றிவிடும். வெடிச்சத்தம் தெருவுக்கே கேட்கும்.

டப்பாவிலிருந்து போர்டுக்கு 12, 5, 3.3 வோல்ட் என மூன்று வரிகள் வருகின்றன. இன்டெல் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறை இது. மூன்றும் 5 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது: 12 வோல்ட் வரி 11.4-க்குக் கீழே வந்தால் சந்தேகப்படலாம். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். எல்லாக் கடையிலும் சொல்லிக்கொடுக்கும் முதல் வித்தை அது. ஆனால் ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள், அதுதான் தவறு. சுமை இல்லாதபோது 12 காட்டும் வரி, பிராசஸர் இழுக்கும்போது 10-க்குச் சரியலாம். போர்டை இணைத்து ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தால்தான் உண்மை தெரியும்.

வோல்டேஜ் நிலைத்ததும் எஸ்.எம்.பி.எஸ். சாம்பல் நிற ஒயரில் ‘பவர் குட்’ என்று ஒரு சைகை தருகிறது. அதுவரை பிராசஸர் கட்டிப்போட்ட நிலையில்தான் இருக்கும். சைகை வந்ததும் பயாஸ் விழித்து ராம், டிஸ்ப்ளே, கீபோர்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்க்கிறது. திரை எழும்புவதற்கு முன்பே ஒன்று பதில் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வாய் பீப் ஒலி. பழைய அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பாஷை மாறும் என்பதால் மனப்பாடம் செய்வதைவிட எந்த பயாஸ் என்று பார்த்துவிட்டு அட்டவணையைப் புரட்டுவது மேல்.

செங்கல்பட்டுப் பக்கம் அதிகம் கேட்கும் இன்னொரு புகார்: “கேபினட்டைத் தொட்டா சுரீர்னு அடிக்குது.” எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் இரு கம்பிகளிலிருந்தும் கேபினட்டுக்குப் போகும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் கேபினட் 230-இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு மிதந்து நிற்கும். கரண்ட் சிறிது என்பதால் ஆள் சாவதில்லை. ஆனால் அதை எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று நினைத்து மூன்று டப்பா மாற்றினாலும் சுரீர் போகாது. கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை.

வெயிலின் கணக்கு எளிது. போர்டில் நிற்கும் உருளை கப்பாசிட்டரின் உள்ளே திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல வற்றுகிறது. 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், கூடினால் பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் ஜெராக்ஸ் கடையில் அது பத்தாண்டுக்கு மேல். அதே கடையில் தூசியடைத்து உள்வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஐந்தாண்டு சொச்சம். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் கடைகளில் தலை உப்பிய கப்பாசிட்டர்களை அதிகம் பார்ப்பதில் மர்மம் ஏதுமில்லை.

இனி கடற்கரை.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி, நீர் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாக மிதக்கின்றன. கரையிலிருந்து தள்ளிப்போகப் போக இவை வேகமாகக் குறைந்துவிடும். முதல் சில நூறு மீட்டரில் இருப்பதற்கும் செங்கல்பட்டில் இருப்பதற்கும் ஒப்பீடே இல்லை. கம்ப்யூட்டரின் ஃபேன் இந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுத்துப் போர்டின் மேல் ஊதுகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் உடனே ஒன்றும் ஆகாது. மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி கசிந்து நிற்பதை எல்லாச் சமையலறையிலும் பார்த்திருப்போம். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து திரவமாகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மாமல்லபுரத்தில் 75 சதவீதத்தைத் தாண்டாத இரவுகள் குறைவு.

இங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாறுகிறது. செட்டை அதிகம் ஓடவிட்டால் சீக்கிரம் கெடும், அணைத்து வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று கொள்ளுங்கள். ஓடும் செட்டின் உள்ளே காற்று 45 டிகிரிக்குச் சூடாகும்போது, அதே அளவு நீராவி இருந்தும் ஈரப்பதம் சுமார் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சோடியம் குளோரைடு காய்ந்தே கிடக்கும். இரவு அணைத்ததும் போர்டு குளிர்கிறது, ஈரப்பதம் மறுபடி 80-க்கு ஏறுகிறது, உப்பு கரைந்து போர்டின் மேல் மெல்லிய ஈரப்படலமாகப் படர்கிறது. பிளக் செருகியே இருந்தால் செட் அணைந்திருந்தாலும் ஊதா ஒயரில் 5 வோல்ட் போர்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் விழிப்பதற்காக. ஈரம், உப்பு, வோல்டேஜ் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வேறென்ன வேண்டும்? பாசிட்டிவ் முனையில் உலோகம் அயனியாகக் கரைந்து, நெகட்டிவ் முனையில் போய்ப் படிந்து, அங்கிருந்து பெரணி இலையைப் போன்ற கிளைகளாக வளர்ந்து வருகிறது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கால்களை அது தொட்டுவிட்டால் ஷார்ட். பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். பார்க்காதவர் ஐசி.யை மாற்றுவார்.

அதனால் கரையோர விடுதிக்காரரிடம் சொல்ல வேண்டியது: இரவில் சுவர் சுவிட்சை அணையுங்கள். ஈரம் வரத்தான் செய்யும், ஆனால் 5 வோல்ட் இருக்காது. காசு பேட்டரியின் 3 வோல்ட் மட்டும் மிஞ்சும். அதைச் சுற்றித்தான் பச்சைக் களிம்பு முதலில் தோன்றும் என்பதால் செட்டைத் திறந்ததும் கண் போக வேண்டிய இடமும் அதுவே. ஏ.சி. அறையும் முழுப் பாதுகாப்பு இல்லை. வெளியே 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழ் உள்ள எந்தப் பரப்பிலும் பனித்துளி கோர்க்கும். 22 டிகிரியில் குளிர்ந்த செட் இருக்கும் அறையின் கதவைக் காலையில் கடல் பக்கம் திறந்துவிட்டால் போர்டு நனைந்தேவிடும்.

அடுத்தது ராம். “நோ டிஸ்ப்ளே” என்று வரும் செட்டில் ராமைக் கழற்றி, அதன் தங்க முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவது தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். பலிக்கவும் செய்யும், அதனால்தான் நிலைத்திருக்கிறது. அந்தத் தங்கப்பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல மடங்கு. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. ரப்பரில் அராவும் பொடி இருந்தால் ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்கம் குறையும், நுண்துளைகள் கூடும், துளை வழியாக உப்பீரம் செம்பைத் தொடும். செங்கல்பட்டில் இந்த வைத்தியம் நெடுநாள் தாங்கலாம். கடற்கரையில் அதே செட் சில மாதங்களிலேயே திரும்பி வரும்.

ரப்பருக்குப் பதில் ஐ.பி.ஏ. என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஐசோபுரோபைல் ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கையும் ஃபிளக்ஸையும் நன்றாக எடுக்கும். சோடியம் குளோரைடு அதில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. 99 சதவீத ஐ.பி.ஏ.வால் உப்புப் படிந்த போர்டைக் கழுவினால் பளபளவென்று இருக்கும், உப்பு அங்கேயே இருக்கும். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும்: முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகு அந்தத் தண்ணீரை விரட்ட ஐ.பி.ஏ., பிறகு நிதானமாகக் காயவைப்பது. “போர்டுல தண்ணி ஊத்தறதா?” என்று பதறுவார்கள். கரண்ட் இல்லாத, பேட்டரி கழற்றிய போர்டுக்குச் சுத்தமான தண்ணீரால் ஆபத்தில்லை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் அதற்கேயுரிய உப்புகள் உண்டு.

இதே வேலையை அதே ஊரில் இன்னொரு துறை வெகுநாளாகச் செய்துவருகிறது. பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் கல்லுக்குள் புகும் உப்பு, காயும்போது படிகமாகிக் கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் ஈரமான காகிதக் கூழைச் சுவர்களில் அப்பி, உப்பு தண்ணீரில் கரைந்து கூழுக்குள் வந்ததும் உரித்தெடுக்கிறார்கள். கடல்காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் வளர்த்தார்கள். கல்லாக இருந்தாலும் செம்பாக இருந்தாலும் உப்பை வெளியேற்றத் தண்ணீர்தான் வழி. கரையோர அரிப்பை அறிவியலாகவே படிக்க விரும்புகிறவருக்கு காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபம் என்ற ஊரில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. இப்படியொரு இரவுக்குப் பிறகு நனைந்த செட்டைப் பொறுத்தவரை கெடுவதும் பிழைப்பதும் அடுத்த அரை மணி நேரத்தில் உரிமையாளர் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. “ஓடுதான்னு பார்த்தேன்” என்றால் பெரும்பாலும் போயிற்று. நனைந்தது மட்டும் என்றால் கழுவலாம். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரியை உடனே பிரிக்க வேண்டும். உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் தனியே வைக்க வேண்டும், உள்ளே எரியக்கூடிய வாயு இருக்கிறது. அரிசி டப்பாவில் போடும் வைத்தியத்தில் ஈரம் மெல்லப் போகலாம், உப்பு போகாது.

நிலைமின்சாரம் பற்றி மட்டும் பாடநூலோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை. முதல் அத்தியாயத்திலேயே மணிக்கட்டுப் பட்டை அணியச் சொல்கிறார்கள். குளிர்நாட்டின் வறண்ட காற்றில் கம்பளத்தில் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறும் என்பார்கள். ஈரக்காற்றில் அதே நடைக்கு 1,500. நம் ஊரில் பட்டையே வேண்டாம் என்று சீனியர்கள் சிரிப்பதற்கு இதுதான் ஆதாரம். ஆனால் மனித விரல் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே அடித்தால் உணர்வதில்லை, சில ஐசி.களோ சில நூறு வோல்ட்டிலேயே காயப்படும். அதாவது இங்கே ‘சுருக்’ என்று தெரியாமலே ஐசி. சாகும். பட்டை அணியுங்கள், ஆனால் எர்த் இல்லாத கேபினட்டில் அதை மாட்டாதீர்கள்; காரணம் மேலே சொன்ன 115 வோல்ட். பாடநூல் ஈரப்பதத்துக்கு ஒரு வரியும் நிலைமின்சாரத்துக்கு ஓர் அத்தியாயமும் தருவதற்குக் காரணம் எழுதியவர் வசிக்கும் ஊரின் வானிலை.

சிற்பக்கூடங்கள் நிறைந்த தெருக்களில் இருக்கும் செட்களுக்குக் கருங்கல் தூசி வேறு. அதிலுள்ள குவார்ட்ஸ் ஃபேன் பேரிங்கின் எஃகைவிடக் கடினம். சத்தம் போடும் ஃபேனுக்கு எண்ணெய் விடுவதைவிட மாற்றிவிடுவது லாபம். புளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வாசலுக்கு வெளியே ஊத வேண்டும், முகக்கவசம் வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் நல்லதில்லை.

கற்றுக்கொள்ள உடல் வேண்டுமே? 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் முதல் தலைமுறை இயந்திரங்கள், அரசு முத்திரையோடு, பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. ஓடாத ஒன்றை வீட்டிலேயே கேட்டு வாங்கி, கீல், சார்ஜர் பின், தெர்மல் பேஸ்ட் என்று தொடங்கலாம். கெட்டாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பாகம் மாற்றும் ‘கார்டு லெவல்’ கைவந்த பிறகு, ஹாட் ஏர் பிடித்து ஐசி. மாற்றும் ‘சிப் லெவல்’ பக்கம் போகலாம். தேர்வுகள் முதலாவதைத்தான் கேட்கின்றன. கடையில் வருமானம் இரண்டாவதில்.

ஆறாவது படியான எழுதி வைப்பதுதான் கடைகளில் மிகவும் அலட்சியப்படுவது. ஜாப் ஷீட்டில் பெயர், போன் நம்பர், புகார், தொகை என்று நான்கு கட்டங்கள் இருக்கும். இன்னும் மூன்று போட்டுக்கொள்ளலாம்: செட் இருந்த இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், ஏ.சி. அறையா, இரவில் பிளக் செருகியே இருந்ததா. ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க இப்படி நிரப்பிய தாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், எந்தத் தெருவிலிருந்து வரும் ‘நோ டிஸ்ப்ளே’யில் முதலில் ராமைப் பார்க்க வேண்டும், எந்தத் தெருவுக்கு முதலில் எஸ்.எம்.பி.எஸ்., எதற்குப் பூதக்கண்ணாடி என்பது செட்டைத் திறக்கும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.